ஓடுறதுக்கு வழி உள்ள வீடு

என் மனைவிக்குக் குச்சவெளி ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்தபோது நாங்கள் ஈச்சிலம்பற்றில் இருந்தோம். திருகோணமலை மாவட்டத்தின் வரைபடத்தில் தெற்கு மூலையில் ஈச்சிலம்பற்று இருக்கும், குச்சவெளி வடக்கே இருக்கும். மாற்றம் போட்டவர் அடிமட்டம் வைத்து அளந்துதான் போட்டிருக்கிறார் என்று அவள் சொன்னாள். அவள் தாதி. விடிய வேலைக்கு நிற்கவேண்டியவள் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர ஏலாது. ஆகவே நடுவிலிருக்கிற திருகோணமலை டவுனில் வாடகைக்கு வீடு எடுப்பது என்று தீர்மானித்தோம். மூதூரில் வேலை செய்துகொண்டிருந்த நானும் ஓர்ஸ் ஹில்லில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு மாற்றம் எடுத்துக்கொண்டேன்.

எங்களோடு மாமாவும் வருவதாக இருந்தது. மாமா என்றால் மனைவியின் தகப்பன். மாமி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் இருந்த வீடே அவர் மகளுக்குக் கொடுத்த சீதன வீடு. அவரை அங்கே தனியே விட்டுவிட்டு நாங்கள் டவுனுக்குப் போவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வேலை செய்த காலம் முழுக்க ஊர்ச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர் அவர். சீனியும் பருப்பும் நிறுத்துக்கொண்டே ஊரில் யாருக்கு எங்கே கலியாணம் பேசுகிறார்கள், எவன் யாரோடு கதைபேச்சில்லாமல் இருக்கிறான் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார். பென்சன் எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்று இறங்குகிறவர்களை விசாரிப்பார்.

வீடு பார்க்க நானும் மனைவியும் ஒரு சனிக்கிழமை புறப்பட்டபோது மாமா சாரத்தைக் கழற்றிவிட்டுக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்குக் காற்சட்டை என்பது கச்சேரிக்கும் கலியாணத்துக்கும் மட்டும் உரிய உடுப்பு. தனக்கு வீட்டைப்பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை, நீங்கள் இரண்டுபேரும் பிடித்ததைப் பாருங்கள், நான் சும்மா வருகிறேன் என்றார். நாங்களும் நம்பினோம்.

டவுனில் எங்களுக்கு வீடு காட்ட ஒருவர் கிடைத்தார். கிண்ணியாக்காரர். ஓட்டோ ஓடுகிறவர், ஓட்டத்துக்கு ஆள் இல்லாத நேரங்களில் வீட்டுத் தரகு. அவருடைய ஓட்டோவில் மாமாவை நடுவில் இருத்திக்கொண்டு முதலில் உப்புவெளிக்குப் போனோம். அது மனைவியின் விருப்பம். குச்சவெளி பஸ் அந்த வீதியால்தான் போகும், வீட்டிலிருந்து நடந்துபோய் ஏறிக்கொள்ளலாம். வீடும் நல்ல வீடு. வெள்ளை மாபிள், பெரிய குசினி, ஜன்னலைத் திறந்தால் தென்னைகளுக்கு நடுவே கடல். வீட்டுக்காரர் அந்த ஜன்னலைத்தான் எங்களுக்குத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டினார்.

மாமா ஜன்னலைப் பார்க்கவில்லை. அறைகளையும் பார்க்கவில்லை. கேற்றைத் திறந்துகொண்டு வெளியே போனார். ஒழுங்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

“கடல் வந்தால் எங்கால ஓடுறது?”

வீட்டுக்காரர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. ஒழுங்கையின் ஒரு முனை கடற்கரை, மறு முனையில் ஒரு ஹோட்டல் மதில். வீதிக்குப் போவதென்றால் கடல் பக்கமாகப் போய்ச் சுற்றித்தான் போகவேண்டும். மாமா ஹோட்டல் கேற்றில் நின்ற காவலாளியிடம் போனார். அவசரம் என்றால் இதைத் திறந்து எங்களை உள்ளால் போக விடுவீர்களா என்று கேட்டார். மனேஜரைக் கேட்கவேண்டும் என்று காவலாளி சொன்னார்.

“கடல் மனேஜரைக் கேட்டுக்கொண்டு நிக்காது, தம்பி,” என்று சொல்லிவிட்டு மாமா வந்து ஓட்டோவில் ஏறினார். உப்புவெளி முடிந்தது.

இதைப் பகிடி என்று நினைக்கவேண்டாம். சுனாமியாகக் கடல் வந்த அந்த வருடம் எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. மாமா அன்று சங்கக்கடையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர். ஓடித் தப்பினவர். அதைப்பற்றி அவர் எங்களிடம் ஒருநாளும் விளக்கமாகச் சொன்னதில்லை. ஆனால் எந்தப் புது இடத்துக்குப் போனாலும் வெளியே போகும் வழியைப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். எங்கள் கலியாணத்தன்றும் மண்டபத்தின் பின்கதவு பூட்டியிருக்கிறது என்று தாலி கட்டுவதற்குச் சற்று முன்னர் திறப்புத் தேடி ஆள் அனுப்பினவர் அவர்.

பிரச்சினை என்னவென்றால் திருகோணமலை டவுன் கடலுக்குள் நீட்டின கை மாதிரி. ஒரு பக்கம் வெளிக்கடல், மறு பக்கம் துறைமுகம். இந்தப் பக்கம் கடல் வருகிறதென்று அந்தப் பக்கம் ஓடினால் அங்கேயும் கடல்தான் நிற்கும். மாமா இதைக் கண்டுபிடித்த அன்று பின்னேரம் முழுக்க விறாந்தையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார்.

அடுத்த கிழமை பாலையூற்றுப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். அங்கே கடல் தூரம். கிணறு இருந்தது, வளவு இருந்தது, ஓடுவதற்கு நான்கு திசையும் இருந்தது. மனைவி குசினியில் நின்று அடுப்பை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஒரு கலியாண மண்டபம். அன்றைக்கும் ஏதோ விசேசம், ஒலிபெருக்கி போட்டிருந்தார்கள். மாமா என்னை ஒழுங்கை முனையில் போய் நின்று கூப்பிடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். யாராவது சத்தம்போட்டுச் சொன்னால் உள்ளே கேட்குமா என்று பார்க்கவேண்டும் என்றார்.

நான் ஒரு அரசாங்க உத்தியோகத்தன். கந்தோரில் என் மேசைக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஒழுங்கை முனையில் நின்று “மாமா” என்று கூப்பிட்டேன். கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். சுற்றியிருந்த வீடுகளின் ஜன்னல்கள் திறந்தன. ஒரு பெண் வெளியே வந்து, யாரைத் தேடுகிறீர்கள், ஆள் காணாமல் போய்விட்டாரா என்று அக்கறையாகக் கேட்டார். நான் தொண்டை கிழியக் கத்திய பிறகும் மாமா வெளியே வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு காதைக் கூர்மையாக்கி வைத்தபடி விறாந்தையில் நிற்கிறார். ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும்தான் கேட்டதாம். பாலையூற்றும் முடிந்தது.

அதற்குப் பிறகு ஓட்டோக்காரர் எங்களுக்காகப் புது மாதிரியாகக் கதைக்கத் தொடங்கினார். போன் எடுத்து, “சேர், மூண்டு அறை, பைப் தண்ணி, ஓடுறதுக்கு ரெண்டு வழி இருக்கு” என்பார். ஒருநாள் அவர் வேறு யாருக்கோ வீடு காட்டும்போதும் இதே மாதிரிச் சொல்லிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டேன். அந்தக் குடும்பம் ஒன்றும் விளங்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது.

கடைசியில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு மேல்மாடி கிடைத்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். கந்தோர் நடைதூரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்து, சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சரிந்துபோட்டும் போகலாம். மாமா படியேறிப் போய் விறாந்தையில் நின்றார். கீழே உட்துறைமுகம் விரிந்து கிடந்தது. தூரத்தில் கப்பல்கள். அவர் கடலைப் பார்த்தார், பிறகு தன் காலடியைப் பார்த்தார், இரண்டுக்கும் இடையிலுள்ள உயரத்தைக் கண்ணால் அளந்தார். “இது காணும்,” என்றார். ஓட்டோக்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

குடிபோனோம். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார். பென்சன் எடுத்த இஞ்சினியர், தனி ஆள். தங்கமான மனிதர், ஆனால் நேரில் கதைக்கமாட்டார். எதுவென்றாலும் வட்சப்பில்தான் சொல்வார். மாமாவிடம் இருந்ததோ பொத்தான் அமத்துகிற பழைய போன். ஆகவே மாமா மேலே காயப்போட்ட சாரத்திலிருந்து கீழே நிற்கிற காருக்கு மேல் தண்ணீர் சொட்டினால், வீட்டுக்காரர் தன் கதிரையில் இருந்தபடியே எனக்குச் செய்தி அனுப்புவார். நான் கூட்டத்தில் இருந்தால் அதை மனைவிக்கு அனுப்புவேன். அவள் குச்சவெளியில் ஊசி போட்டுக்கொண்டிருப்பாள், போட்டு முடித்துத் தகப்பனுக்குப் போன் எடுப்பாள். செய்தி குச்சவெளி போய்த் திரும்பி மேல்மாடிக்கு வந்து சேர்வதற்குள் சாரம் காய்ந்துவிடும்.

மாமா முதல் கிழமை வீட்டுக்காரரோடு கதைக்கப் பார்த்தார். படியிறங்கிப் போய்க் கதவுக்கு முன்னால் நின்று செருமினார். வீட்டுக்காரர் ஜன்னலால் பார்த்துத் தலையாட்டிவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினார்: உங்கள் மாமாவுக்கு இருமல் போல் இருக்கிறது, டொக்டரிடம் காட்டவும். பக்கத்து வீடுகளிலும் எல்லோரும் உத்தியோகக்காரர். காலையில் கேற்றைத் திறந்து வாகனத்தை எடுப்பார்கள், கேற்றை மூடுவார்கள். பின்னேரம் திறந்து வாகனத்தை விடுவார்கள், மூடுவார்கள். நடுவில் ஒரு மனித முகம் இல்லை. மாமா விறாந்தைக் கதிரையில் இருந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மத்தியானம் வந்து சாப்பிடும்போது, இன்றைக்கு என்ன புதினம் மாமா என்று கேட்பேன். கப்பல் வருது, கப்பல் போகுது, ஒருத்தனும் கை காட்டுறான் இல்லை என்பார். சோற்றைப் பிசைந்துவிட்டுப் பாதியில் எழும்பிவிடுவார். மனைவி இரவில் அவருக்குப் பிரஷர் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. சீனி பார்த்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று எனக்கு விளங்குகிறது, ஆனால் அதற்குக் குளிசை இல்லை என்றாள்.

காலையில் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்று அவள்தான் சொன்னாள். மாமா இறங்கி நடக்கத் தொடங்கினார். முதலில் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனார், பிறகு மார்க்கெட். ஒருநாள் டச் பே கடற்கரை வரைக்கும் போய்விட்டார். கடலுக்குப் பக்கத்தில் போகாமல் வீதிக்கரையிலேயே நின்றிருக்கிறார். அங்கேதான் அந்த ஆளைக் கண்டார்.

எங்கள் டவுனில் மான்கள் ஆடுமாடு மாதிரித் திரியும். கோட்டைக்குள்ளிருந்து வந்து கடற்கரையில் படுக்கும், கடைவாசலில் நிற்கும், பஸ்ஸுக்கு வழிவிடாது. அந்த ஆள் சாக்கு நிறைய, மரக்கறிக்கடையில் கழித்த கோவா இலையும் வாழைப்பழத் தோலும் கொண்டுவந்து மான்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம். தோலோடு சேர்ந்து ஒரு ஷொப்பிங் பையும் விழுந்ததாம். மாமா போய், அந்தப் பையை மான் தின்றால் செத்துப்போகும், எடுங்கள் என்று சொன்னாராம். அந்த ஆள், எடுக்கத்தான் குனிகிறேன், அதற்குள் உங்களுக்கு என்ன அவசரம் என்று கேட்டாராம். பிறகு கோவா இலை மானுக்கு ஆகுமா ஆகாதா என்பதில் கதை வளர்ந்து, இரண்டுபேரும் வெயில் ஏறும்வரை சண்டை பிடித்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியானம் மாமா சோறு போட்டுத் தின்றார், மறுபடியும் போட்டுத் தின்றார். தின்றுகொண்டே அந்த ஆளைத் திட்டினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் பென்சன் எடுத்த ஆளாம். மேலேயிருந்து கீழே நிற்கிறவர்களுக்குக் கத்திப் பழகின தொண்டையாம், பக்கத்தில் நின்று கதைத்தாலும் கப்பலுக்குச் சொல்கிற மாதிரித்தான் வருமாம். மகள் கிண்ணியாவில் கட்டியிருக்கிறாளாம், அங்கே வந்து இருங்கள் என்று கூப்பிட்டும் போகாமல் டச் பேக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் தனியே கிடக்கிறாராம். பிடிவாதம் பிடித்த மனிதன் என்றார் மாமா, ரசித்து.

அடுத்த நாள் விடிந்ததும் விடியாததுமாக மாமா காற்சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். நேற்று அவர் சொன்ன ஒரு கதைக்கு மறுமொழி சொல்ல மறந்துவிட்டதாம். அதற்கடுத்த நாளும் போனார். மனைவி பிரஷர் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

இப்படிக் கொஞ்சக் காலம் போனபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மாமா சொன்னார்: அந்தக் கிரேன்காரரின் பக்கத்து வீடு வாடகைக்கு இருக்கிறது. வீட்டுக்காரி கொழும்பில். தான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டாராம். வளவில் நல்ல மண், மிளகாய் வைக்கலாம்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். என் மத்தியான நித்திரை கண்ணுக்கு முன்னால் படியிறங்கிப் போவது தெரிந்தது. “அந்த ஆளுக்குப் பக்கத்திலயோ, மாமா?”

“ஓம். ஆள் சரியில்லை. பக்கத்தில இருந்தால்தான் கவனிக்கலாம்.”

அன்று பின்னேரம் மூன்றுபேரும் போய்ப் பார்த்தோம். வீடு பழையது. குசினிக் கூரையில் ஒரு ஓடு உடைந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அலுமாரிக் கதவு மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. ஒழுங்கை முனையில் நின்று பார்த்தால் கடல். உப்புவெளி வீட்டைவிடக் கிட்ட. அலை அடிப்பது படுக்கையறைக்குள் கேட்டது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவிதான் கேட்டாள். அவளுக்குத் தகப்பனோடு சுற்றி வளைத்துக் கதைக்கிற பழக்கம் இல்லை. “அப்பா, மலையில இருக்கிற வீட்டை விட்டுட்டு இஞ்ச வரப்போறீங்களோ? கடலைப் பார்த்தனீங்களோ?”

“பார்த்தனான்.”

“பிறகு?”

மாமா கிணற்றுக்கட்டில் இருந்தார். பிறகு, நாங்கள் அதுவரை கேட்டிராத அந்தக் கதையைச் சொன்னார். கடல் வந்த அன்று அவருக்கு ஒன்றும் தெரியாதாம். கடைக்குள் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றவருக்கு வெளிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லையாம். அவருடைய நண்பர்கள் எல்லாம் ஓடினார்கள். மனேஜர் இந்நேரம் வீட்டில்தான் இருப்பார், அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடினார்கள். கடைக்குள் வந்து கையைப் பிடித்து இழுத்தது ஒரே ஒரு ஆள். எல்லை வேலி விசயத்தில் அவரோடு வருசக்கணக்காகக் கதைபேச்சில்லாமல் இருந்த ஆள்.

“அவனுக்குத்தான் தெரியும், பிள்ளை, நான் அந்த நேரம் கடையில நிக்கிறன் எண்டு. சண்டை பிடிக்கிற ஆள்தான் நாங்கள் எங்க நிக்கிறம், எப்ப வாறம், எப்ப போறம் எண்டு சரியாக் கவனிப்பான். அங்க மலையில நான் செத்துக்கிடந்தாலும் உன்ர புருசனுக்கு வட்சப்பில மணக்குது எண்டுதான் வரும்.”

மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய், உடைந்த ஓட்டை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, ஓடு மாற்றுவதற்கு ஆள் பிடிக்கவேண்டும் என்றாள். அவ்வளவுதான். வீடு எடுத்தாகிவிட்டது. என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாமான் இறக்குகிற அன்று பக்கத்து வீட்டிலிருந்து அந்தக் கிரேன்காரர் வந்தார். நெடிய ஆள், வெள்ளைத் தாடி, ஒரு முழங்கால் சரியில்லை, கையில் தடி. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரை நானா என்று கூப்பிட்டேன். லொறியை எப்படிப் பின்னுக்கு எடுக்கவேண்டும், அலுமாரியை எந்தப் பக்கம் சரிக்கவேண்டும் என்று தடியால் காட்டிக்கொண்டு ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார். அவர் சொன்னபடி செய்ததால்தான் அலுமாரி வாசலுக்குள் போனது. மாமா அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

நானா விடியப்புறம் பாங்கு சொல்ல முன்னரே எழும்பிவிடுவார். தொழுதுவிட்டுக் கடற்கரையில் கவிழ்த்துவைத்த ஒரு தோணியில் போய் இருந்துகொண்டு விடியும்வரை கடலைப் பார்ப்பார். மாமாவுக்கு அது வலு திருப்தி. தனக்காக ஒரு ஆளைக் காவலுக்குப் போட்டிருப்பது போல, அலைச்சத்தத்துக்கு நடுவில் குறட்டை விட்டுத் தூங்கினார்.

பகலில்தான் யுத்தம். மாமா வளவைக் கொத்தி மிளகாயும் கத்தரியும் தக்காளியும் வைத்தார். நானா தன் வாசலில் மான்களுக்குக் கோவா இலை போட்டார். தின்ற மான்கள் அடுத்த வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தன. மாமா தடி எடுத்துத் துரத்தினார். இந்த ஒழுங்கையை மானுக்குக் காட்டிக்கொடுத்ததே நீங்கள்தான் என்று மதிலுக்கு மேலால் சொன்னார். நானா சொன்னார்:

“அதுகள் பிறந்த ஊர் இது. வாடகைக்கு வந்தது நீங்கள்தான்.”

மாமாவுக்கு அதற்கு மறுமொழி கிடைக்க இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் அவர் மிகச் சந்தோசமாக இருந்தார்.

இவர்கள் ஒத்துப்போன விசயம் ஒன்றே ஒன்றுதான்: கடல் வந்தால் ஓடவேண்டும். எந்தப் பக்கம் என்பதில் ஒத்துப்போகவில்லை. நானாவின் கட்சி கோட்டை மலை. கிட்ட இருக்கிறது, உயரம். மாமாவின் கட்சி ஓர்ஸ் ஹில். கோட்டைக்கு ஒரே ஒரு வாசல், ஒடுக்கம், ஊர் முழுக்க அதற்குள் போய் இறுகிவிடும் என்பது அவருடைய வாதம். பின்னேரங்களில் நானாவின் வாசலில் கதிரை போட்டு இருந்து இதைக் கதைப்பார்கள். நானா தடியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டுவார். மாமா காலால் அழித்துவிட்டு வேறு கோடு போடுவார்.

ஒருநாள் அது நடந்தது. காலை நேரம். மனைவி முதல் பஸ்ஸில் குச்சவெளி போய்விட்டாள். நான் கந்தோருக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மாமா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். கடல் உள்வாங்கிவிட்டது என்று யாரோ யாருக்கோ போனில் அனுப்பி, அது ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் கேற்றில் தடியடி விழுந்தது. நானா நின்றார். ஒழுங்கைச் சனம் அவரைத் தாண்டி ஓடுகிறது, முழங்கால் சரியில்லாத அந்த மனிதன் ஓடாமல் நின்று எங்கள் கேற்றை அடிக்கிறார். உங்களுடைய மாமா இந்த நேரம் கிணற்றடியில்தான் நிற்பார், கேட்காது, போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கத்துகிறார்.

நான் பின்னால் ஓடினேன். மாமா தலை நிறையச் சவுக்கார நுரையோடு நின்றார். விசயத்தைச் சொன்னதும் வாளியை எடுத்துத் தலையில் ஊற்றப் பார்த்தார். அதற்குள் நானா வளவுக்குள்ளேயே வந்துவிட்டார். “சவுக்காரத்தைக் கழுவ நிக்காதீங்க. மிச்சத்தைக் கடல் கழுவும்.”

என் மோட்டச்சைக்கிளில் மூன்றுபேர். நடுவில் நானா, கடைசியில் ஈரச் சாரத்தோடும் தோளில் துவாயோடும் மாமா. நான் ஸ்டார்ட் பண்ணியதும் ஒருவர் கோட்டைக்கு என்றார், மற்றவர் ஓர்ஸ் ஹில்லுக்கு என்றார். ஒழுங்கை முனையில் நின்று நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். தினமும் வேலைக்குப் போகிற பழக்கத்தில் கை தன்பாட்டில் ஓர்ஸ் ஹில் பக்கம் திருப்பியது. போகிற வழி முழுக்க, கோட்டைக்குப் போயிருந்தால் இதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று நானா என் வலது காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். மாமாவின் தலையிலிருந்து நுரை பறந்து பின்னால் வந்த ஓட்டோவின் கண்ணாடியில் விழுந்தது.

மேலே ஏறி, எங்கள் பழைய வீட்டு வாசலில் நிறுத்தினேன். அங்கேயும் சனம் நின்றது. எல்லோரும் துறைமுகத்தைப் பார்த்தோம். துறைமுகம் குளம் மாதிரிக் கிடந்தது. ஒரு சின்னத் தோணியில் ஒருவர் ஆறுதலாக வலை இழுத்துக்கொண்டிருந்தார். சைரன் ஒன்றும் ஊதவில்லை. பொலிஸ்காரர் ஒருவர் வந்து, அப்படி ஒன்றும் இல்லை, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். என் போன் அதிர்ந்தது. பழைய வீட்டுக்காரர். ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. கேற்றுக்கு முன்னால் வாகனம் நிறுத்தவேண்டாம் என்று செய்தி. அதற்குக் கீழே இன்னொன்று: மாமாவுக்கு இருமல் சுகமா.

மனைவிக்குப் போன் எடுத்தேன். குச்சவெளியில் அப்படி ஒரு கதையே இல்லையாம். அப்பா எங்கே என்று கேட்டாள். ஓர்ஸ் ஹில்லில், தலையில் சவுக்காரத்தோடு, நானாவோடு சண்டை பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றேன். சவுக்காரத்தோடா என்று கேட்டாள். பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி வோட்டில் வேறு யாரோ என்ன மிஸ் என்று கேட்பதும் கேட்டது.

திரும்பி வந்தபோது எங்கள் கேற் ஆவென்று திறந்து கிடந்தது. வளவுக்குள் மான்கள். மிளகாயில் ஒரு இலை மிச்சமில்லை. கத்தரி மொட்டையாக நின்றது. தக்காளி இருந்த இடத்தில் ஒரு பெரிய கலைமான் படுத்துக்கொண்டு அசைபோட்டது. எங்களைக் கண்டும் எழும்பவில்லை. மாமா அதையும் பார்த்தார், நானாவையும் பார்த்தார். தலையில் நுரை காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

“இதுக்குத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு ஓடினனீங்கள்?”

நானா திறந்து கிடந்த கேற்றைத் தடியால் காட்டினார். கேற்றைப் பூட்டாமல் வந்தது யார் என்று கேட்டார். வாகனத்தில் கடைசியாக ஏறின ஆள்தான் பூட்டவேண்டும் என்றார். இரண்டுபேரும் சேர்ந்து கலைமானைத் துரத்தினார்கள், துரத்திக்கொண்டே கதைத்தார்கள். நான் கந்தோருக்குப் பிந்திப்போனேன். காரணம் கேட்டார்கள். சொன்னேன். எங்கள் மேலதிகாரியும் காலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலையேறினவர் என்பதால் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மனைவிக்கு ஈச்சிலம்பற்றுப் பக்கமே திரும்பிப் போக ஒரு வாய்ப்பு வந்தது. சொந்த வீடு, வாடகை இல்லை, பஸ் அலைச்சல் இல்லை. மாமாவிடம் கேட்டாள். நீங்கள் இரண்டுபேரும் போவதென்றால் போங்கள், லீவுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். இப்போதுதான் புதுக் கன்று வைத்திருக்கிறேன், வேலி அரைவாசியில் நிற்கிறது என்றார். வேலிக்குக் கம்பி கொண்டுவந்து தந்தது நானாதான். கம்பி சரியில்லை என்பது மாமாவின் குறை. மனைவி அந்த மாற்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வாடகை உடன்படிக்கை முடிகிற நேரம் கொழும்பிலிருந்து வீட்டுக்காரி போன் எடுத்தார். தொடர்ந்து இருக்கிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, பக்கத்து வீட்டால் உங்களுக்குக் கரைச்சல் ஒன்றும் இல்லையே, முதலில் இருந்த ஆட்கள் அந்தச் சத்தம் தாங்க ஏலாமல்தான் எழும்பினவர்கள் என்றார்.

அப்படி ஒன்றும் இல்லை அக்கா, நல்ல அமைதியான ஒழுங்கை என்றேன். அந்த நேரம் பார்த்து வெளியே மதிலடியில் இரண்டு தொண்டைகளும் ஒன்றாகக் கிளம்பின. வீட்டுக்காரி அது என்ன சத்தம் என்று கேட்டார்.

“அது ரி.வி.,” என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.